எல்லாப் பழியும் போருக்கா?

யாழ்ப்பாணத் தமிழில் 'விசர்' என்றொரு சொல் உண்டு. நாய்க்கு வருவதும் விசர்தான், மனிதனுக்கு வருவதும் விசர்தான். குழப்படி செய்யும் குழந்தையைச் செல்லமாகத் திட்டுவதற்கும் அதே சொல். சொன்ன பேச்சைக் கேளாத கணவனை மனைவி கடிந்துகொள்வதற்கும் அதே சொல். ஆண்டுக்கணக்கில் உறக்கமின்றித் தனக்குள் பேசிக்கொண்டிருக்கும் நோயாளி ஒருவரை ஊரிலிருந்து ஒதுக்கிவைப்பதற்கும் அதே சொல்தான். உடலுக்கு வரும் நோய்களுக்கு நூறு பெயர்களை வைத்திருக்கும் சமூகம், மனத்துக்கு வரும் நோய்கள் அனைத்துக்கும் ஒரே பெயரைச் சூட்டி, அதனையும் வசைச்சொல்லாக ஆக்கி வைத்திருக்கிறது. இது தற்செயலானதன்று. பெயரில்லாத நோயை ஒளித்துவைப்பது எளிது. ஒளித்துவைத்த நோய்க்கு எவரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை.

பொறுப்பைத் தட்டிக்கழிப்பதற்கு இப்போது இன்னுமொரு வழியும் கிடைத்திருக்கிறது. "எல்லாம் சண்டையால வந்தது" என்பதே அது. பிள்ளை பள்ளிக்கூடம் போக மறுக்கிறதா? சண்டையால் வந்தது. தகப்பன் குடித்துவிட்டு அடிக்கிறானா? சண்டையால் வந்தது. போர் முடிந்த பின்னர் பிறந்த பையன் போதைக்கு அடிமையானாலும் சண்டைதான் காரணம். ஊர்ச் சங்கங்களிலும் மேடைகளிலும் இந்த ஒரு வாக்கியத்துடன் கூட்டம் கலைந்துவிடுகிறது. எனது வழக்கு இந்த வாக்கியத்துடன்தான்.

முதலில் அதிலுள்ள உண்மையைச் சொல்லிவிட வேண்டும். போர் எமது மக்களின் மனங்களில் ஏற்படுத்திய காயம் கற்பனையன்று. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்திலேயே தங்கியிருந்து, குண்டுகளுக்கு நடுவே நோயாளரைப் பார்த்து, அந்த அனுபவத்தை 1993இல் 'மனவடு' என்ற தமிழ் நூலாகவும் 1998இல் ஆங்கில நூலாகவும் எழுதினார். போர் முடிந்து சில வாரங்களே கழிந்திருந்த 2009 யூலைக்கும் செப்ரெம்பருக்கும் இடையில் யாழ்ப்பாண மாவட்டத்தில் 1,409 பேரிடம் எடுக்கப்பட்ட ஆய்வொன்று 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியாயிற்று. நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயின் அறிகுறிகள் 7 வீதத்தினரிடமும், பதகளிப்பு 32.6 வீதத்தினரிடமும், மனச்சோர்வு 22.2 வீதத்தினரிடமும் காணப்பட்டதாக அது தெரிவித்தது. மூவரில் ஒருவர் பதகளிப்புடனும், ஐவரில் ஒருவருக்கு மேல் மனச்சோர்வுடனும் வாழ்ந்த மாவட்டம் அது.

ஆனால் அதே ஆய்வை இன்னும் சற்று ஊன்றிப் படிக்க வேண்டும். அப்போது இடம்பெயர்ந்த நிலையிலேயே இருந்தவர்களிடம் மனச்சோர்வு 41.8 வீதமாகவும் பதகளிப்பு 48.5 வீதமாகவும் இருந்தன. ஒரே மாவட்டத்தில், ஒரே காலத்தில், மாவட்டத்தின் சராசரியைப் போல ஏறத்தாழ இரு மடங்கு மனச்சோர்வு! அவர்கள் கண்ட கொடுமைகள் அதிகம் என்பது ஒரு காரணம். வீடும் அயலும் உறவும் இழந்து நின்ற நிலை இன்னொரு காரணம். காயம் எவ்வளவு ஆழமானது என்பதுடன், காயப்பட்டவர் எத்தகைய சூழலில் வாழ்கிறார் என்பதும் மனநிலையைத் தீர்மானிக்கிறது.

இதற்கு இன்னுமொரு சான்று உண்டு. வட இலங்கையில் போர் உக்கிரமடைந்த காலப்பகுதியில் தற்கொலைகள் குறைந்திருந்தன என்பதைத் தயா சோமசுந்தரமும் சக ஆய்வாளர் ஒருவரும் 1995இல் பதிவுசெய்தார்கள். போர் நல்லது என்பதற்காக இதனைச் சொல்லவில்லை. ஆபத்து வேளையில் பதுங்குகுழியில் அடுத்த வீட்டாரின் பிள்ளையையும் அணைத்துக்கொண்ட சமூகம், ஆபத்து நீங்கியதும் மதிலை உயர்த்திக் கட்டிக்கொண்டது என்பதைச் சொல்லவே இங்கு எடுத்துக்காட்டினேன். மதிலைக் கட்டியது போரன்று. நாமே.

குழந்தைகளைப் பற்றிய சான்று இதனைவிடக் கசப்பானது. வடகிழக்கில் 296 தமிழ் மாணவரிடம் எடுக்கப்பட்டு 2008இல் வெளியான ஆய்வு, போரும் ஆழிப்பேரலையும் அவர்களின் மனங்களைத் தாக்கிய விதத்தை ஆராய்ந்தது. அப்பிள்ளைகளில் 95 வீதத்துக்கும் மேலானவர்கள் வீட்டினுள்ளே ஏதேனுமொரு வகை வன்முறையை அனுபவித்திருந்தனர். தகப்பனின் குடிப்பழக்கமும் போர் அனுபவமும் வீட்டு வன்முறையுடன் சேர்ந்தே வந்தன. போர் வாசலால் உள்ளே வந்தது மெய்தான். உள்ளே வந்ததைப் பிரம்பாக மாற்றிப் பிள்ளையின் முதுகில் இறக்கியது யாருடைய கை?

மனம் என்பது மண்டையோட்டுக்குள் தனியே வளரும் ஒரு பொருளன்று. தாயின் முகத்தைப் பார்த்து உலகம் நம்பத்தக்கதா என்று குழந்தை கற்றுக்கொள்கிறது. அயலாரின் பேச்சிலிருந்து தான் யார் என்று அறிந்துகொள்கிறது. பள்ளிக்கூடத்தில் தனக்கு என்ன மதிப்பு என்பதைத் தெரிந்துகொள்கிறது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அந்த மதிப்பை நாம் எந்த வயதில் நிர்ணயிக்கிறோம்? பத்து வயதில். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை முடிவு வெளியானதும் வெட்டுப்புள்ளிக்கு மேலே நின்ற பிள்ளையின் படம் பத்திரிகையில் வருகிறது. ஒரு புள்ளி குறைந்த பிள்ளை அந்தப் பத்திரிகையைத் தன் வீட்டு விறாந்தையில் பார்க்கிறது. "மாமாவின்ர மகளைப் பார்" என்ற வாக்கியத்தைக் கேட்டு வளர்ந்த தலைமுறை, அதே வாக்கியத்தைத் தன் பிள்ளைக்கும் சொல்கிறது. ரியூசன் கொட்டகைகளுக்கிடையே ஓடித்திரியும் சிறுவனுக்கு விளையாட நேரமில்லை, உறங்க நேரமில்லை. பின்னர் அவன் பதினாறு வயதில் பேச மறுக்கும்போது சண்டையைக் குறை சொல்கிறோம்.

அடுத்தது கலியாணம். எமது சமூகத்தில் மனநோயின் மிகப்பெரிய எதிரி கலியாணச் சந்தையே என்று சொன்னால் பலர் கோபிக்கக்கூடும். கோபிக்கட்டும். தங்கைக்கு வரன் அமையாது என்பதற்காக அண்ணனை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகாத குடும்பங்கள் எத்தனை? தெரிந்தவர்கள் கண்டுவிடுவார்கள் என்று அருகிலுள்ள கிளினிக்கைத் தவிர்த்து, கொழும்புக்கு இரகசியமாகப் பயணம் செய்வோர் எத்தனை பேர்? "ஒரு கலியாணத்தைக் கட்டிவைத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்பது எமது ஊர்களில் இன்னமும் எழுதப்படும் மருந்துச்சீட்டு. மாப்பிள்ளை வீட்டார் கண்டுவிடக் கூடாதென்று குளிசைகளை நிறுத்திவிட்டு மணவறையில் இருத்துகிறார்கள். மனப்பிளவு நோய்க்கான மருந்தைத் திடீரென நிறுத்தினால் நோய் மீண்டும் தாக்கும் ஆபத்து அதிகம் என்பது உளமருத்துவத்தின் அரிச்சுவடி. சில மாதங்களில் நோய் திரும்புகிறது. ஏமாற்றப்பட்டதாக ஒரு குடும்பமும் அவமானப்பட்டதாக இன்னொரு குடும்பமும் வழக்குப் பேசுகையில், நோயுற்ற பெண்ணையோ ஆணையோ பற்றி எவருக்கும் கவலையில்லை.

இங்கே இரண்டு தரப்பினர் குறுக்கிடுவர். முதலாவது தரப்பு, மனவடு நோயென்பதே மேற்கிலிருந்து வந்த இறக்குமதிச் சரக்கு என்று வாதிடும். அதிலும் ஒரு பகுதி உண்மைதான். 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் எமது மொழியும் வழிபாடும் தெரியாத உளவள ஆலோசகர்கள் விமானங்களில் வந்திறங்கிய கூத்தை ஈத்தன் வாட்டர்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 2010இல் வெளியிட்ட நூலில் விரிவாக விமர்சித்திருக்கிறார். எமது மக்கள் துன்பத்தை 'நெஞ்சுக்குள்ளே ஏதோ அடைக்கிறது', 'பெருமூச்சாய் வருகுது', 'ஒரே யோசனை' என்று உடலின் வழியே சொல்கிறார்கள். அந்த மொழியை அறியாத எவராலும் அவர்களுக்குச் சிகிச்சையளிக்க முடியாது. ஒப்பாரியும் எட்டுச்செலவும் அந்தியேட்டியும் துயரத்துக்கு ஒரு கால அட்டவணையைத் தந்தன. சந்நிதியில் காவடி எடுத்தவர்களும் நல்லூரில் பிரதட்டை செய்தவர்களும் அங்கே ஆறுதல் பெற்றனர். யாழ்ப்பாணத்து உளமருத்துவர்களே இவற்றின் பயனை ஏற்று எழுதியிருக்கிறார்கள்.

ஆயினும் இந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டு, மருந்து தேவைப்படுகிற நோயாளியை வேப்பிலை அடிப்பவரிடமே விட்டுவைப்பது பண்பாட்டுப் பற்றாகாது. அது கைவிடல். நீரிழிவுக்கு இன்சுலின் ஏற்றிக்கொண்டே கோயிலுக்கும் போகிறோம். அங்கே எமக்கு முரண்பாடு தோன்றுவதில்லை. மனத்துக்கு மட்டும் ஏன் இந்தச் சமயப்பற்று?

இரண்டாவது தரப்பு, அரசைக் குறைகூறாமல் மக்களைக் குறைகூறுகிறீர்களே என்று கேட்கும். அரசின் குற்றப்பத்திரிகை நீளமானது. அதிலிருந்து ஒரு வரியையும் நான் அழிக்கவில்லை. துயரத்தை ஆற்றுவதற்கு முதல் தேவை இறந்தவருக்காக அழுவதற்கான உரிமை. கோப்பாய்த் துயிலும் இல்லத்தை இடித்து, அந்நிலத்தின் மீது 2011இல் படைத்தலைமையகம் திறந்தார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 சனவரி 8ஆம் திகதி இரவில் இடிக்கப்பட்டு, எதிர்ப்பின் பின்னரே மீண்டும் எழுந்தது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டத்தில் பங்குகொண்ட பல பெற்றோர் பதில் கிடைக்காமலே கண்ணை மூடிவிட்டனர். காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் நிறைவேறியும் அவர்கள் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. மனநோயாளர் தொடர்பான சட்டமோ பிரித்தானியர் 1873இல் இயற்றியது. அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் பற்றி இந்த நூற்றாண்டிலும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஆனால், காணாமற்போனவனின் மனைவி பொட்டு வைத்தால் ஒரு பேச்சும் பொட்டை அழித்தால் இன்னொரு பேச்சும் பேசுவது அரசா? இறந்தானா இருக்கிறானா என்று தெரியாத துயரத்துக்கு எமது சடங்குகளில் இடமில்லை. அந்தியேட்டி செய்தால் அவனைக் கொன்றதாகும். செய்யாவிட்டால் காத்திருப்பு முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கும் பெண்ணை நல்ல காரியங்களில் முன்னே வரவேண்டாம் என்று தடுப்பது கொழும்பிலிருந்து வந்த கட்டளையன்று. எமது முற்றத்துக் கட்டளை.

புலம்பெயர்ந்த உறவுகளும் இதிலிருந்து தப்ப முடியாது. ரொறன்ரோத் தமிழரிடையே நடத்தப்பட்ட ஆய்வொன்று, ஏறத்தாழ 12 வீதத்தினர் மனவடு நோயால் பாதிக்கப்பட்டிருந்ததையும், அவர்களுள் சிகிச்சை பெற்றோர் மிகச் சிலரே என்பதையும் காட்டியது. அங்கே வைத்தியசாலைக்குக் குறைவில்லை, அங்கே இராணுவம் நிற்கவில்லை. தடுத்தது எது? விமானத்தில் தம்முடன் கொண்டுபோன அதே வெட்கம், "நாலு சனம் என்ன சொல்லும்" என்ற அதே பயம். ஊர்க் கோயில் இராசகோபுரத்துக்கு அள்ளிக்கொடுக்கும் கை, ஊரிலுள்ள உளநோயாளர் ஒருவரின் கிளினிக் போக்குவரத்துச் செலவுக்கு ஏன் நீள்வதில்லை?

எமது பத்திரிகைத் துறையும் கூண்டில் ஏற வேண்டியதே. தற்கொலைச் செய்திகளில் காதல் தோல்வி என்றும் பரீட்சைத் தோல்வி என்றும் ஒரே வரியில் காரணம் கண்டுபிடித்து, முறையையும் விபரமாக எழுதி, இறந்தவரின் படத்தையும் போட்டு விற்கும் வழக்கம் ஒழிய வேண்டும். அத்தகைய செய்திகள் தளர்ந்திருக்கும் மற்றொருவரைத் தூண்டக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் பல தடவை அறிவுறுத்தியிருக்கிறது.

சமூகம் நினைத்தால் மாற்ற முடியுமா என்ற ஐயம் வேண்டாம். 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 ஆக, உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. மிகக் கொடிய பூச்சிகொல்லிகளைத் தடைசெய்தார்கள். 1996 முதல் 2005 வரையான பத்தாண்டில், அதற்கு முந்திய பத்தாண்டைவிட ஏறத்தாழ 19,800 தற்கொலைகள் குறைந்தன. 1998இல் தற்கொலை முயற்சி குற்றமல்ல என்றும் சட்டம் திருத்தப்பட்டது. துன்பமெல்லாம் தீர்ந்ததால் கிடைத்த பலனன்று இது. போர் நடந்துகொண்டிருந்தபோதே கிடைத்த பலன்.

ஆகவே நான் கேட்பது பெரிய புரட்சியன்று. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்கும் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கும் கண் காட்டப் போவதுபோல மனத்தைக் காட்டவும் போகலாம் என்று குடும்பத்துக்குள் வாய்விட்டுச் சொல்லுங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவித் தொலைபேசி இலக்கத்தைப் பிள்ளைகளுக்குத் தெரியப்படுத்துங்கள். கலியாணப் பேச்சில் நோயை மறைக்காதீர்கள். சொன்னவர்களை மதியுங்கள். பத்து வயதுப் பிள்ளையின் புள்ளியை ஊருக்குச் சொல்லாதீர்கள். காணாமற்போனவனின் மனைவிக்குச் சபையில் முன்வரிசையில் ஓர் ஆசனம் கொடுங்கள். 'விசர்' என்ற சொல்லை நாய்க்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

போர் எம்மிடம் எதையும் கேட்டுக்கொண்டு வரவில்லை. அதற்கான கணக்கை நீதியின் முன் கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் 2009 மே மாதத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இன்று உயர்தர வகுப்புக்கு வந்துவிட்டார்கள். அவர்களுடைய மனங்களை வளர்த்தது குண்டுவீச்சன்று, நாம்.