குடத்தைத் தள்ளி வெச்சவங்க

இது 2020 ஏப்ரல் 4, கொரோனா ஊரடங்கு நேரம். போன் போட்டா முதல்ல யாரோ லொக்கு லொக்குன்னு இருமுறாங்க. அப்புறம் கையைக் கழுவுங்க, கூட்டத்துக்குப் போகாதீங்கன்னு ஒரு குரல். அது முடிஞ்சாத்தான் ரிங் போகும். ஒரு மாசமா இதே கதை. முந்தாநாள் அந்த இருமலையெல்லாம் தாண்டி அக்கா போனை எடுத்தா, பேச்சே இல்லை. மூக்கை உறிஞ்சுற சத்தம் மட்டும். "என்னக்கா, சொல்லுக்கா"ன்னு மூணு தரம் கேட்டப்புறம்தான் வாயைத் திறந்தா.

"பைப்புல என் குடத்தைக் காலால தள்ளி வெச்சுட்டாங்கடி. நம்மளையே தள்ளி நிக்கச் சொல்றாங்க."

அந்த 'நம்மளையே' ரெண்டு நாளா என்னைத் தூங்க விடல. அதுக்குக் கொஞ்சம் பொறுத்து வர்றேன். இந்த மூணு வாரமா பாத்துப் பாத்து வயிறு எரிஞ்சதை முதல்ல சொல்லிடறேன். உங்க தெருவுலயும் இதேதான் நடந்திருக்கும்.

மார்ச் 15, ஞாயித்துக்கிழமை. முந்தின நாள்தான் கர்நாடகாவுல மால், தியேட்டர் எல்லாத்தையும் ஒரு வாரத்துக்கு மூடியிருந்தாங்க. கலபுரகியில ஒரு பெரியவர் இறந்துட்டார், கொரோனாவுல நம்ம நாட்டோட முதல் சாவு அதுன்னு நியூஸ்ல ஓடிக்கிட்டே இருந்துச்சு. தர்மபுரியில நாம என்ன பேசிக்கிட்டு இருந்தோம்? "நம்ம வெயிலுக்கு அந்தக் கிருமி நிக்காது." இதைச் சொல்லாத வாய் உண்டா? நானும்தான் சொன்னேன். பொண்ணுக்குப் பத்தாவது பரீட்சை 27-ஆம் தேதி ஆரம்பம்னு சொல்லியிருந்தாங்க. ராத்திரி பகலா படிச்சுக்கிட்டு இருந்தா. ஒரு நாள் வெளிய கூட்டிட்டுப் போனா மனசு லேசாகும்னு ஒகேனக்கல்லுக்குக் கிளம்பினோம்.

பென்னாகரம் தாண்டும்போதே வண்டி நகரல. முன்னாடியும் பின்னாடியும் கர்நாடகாவோட கேஏ நம்பர் கார்கள். அங்க மால் இல்லை, சினிமா இல்லை, சரி, அருவிக்குப் போவோம்னு புள்ளை குட்டியோட எல்லாரும் இங்க வந்துட்டாங்க. பரிசல் துறையில நிக்க இடமில்லை. ஒருத்தர் கழட்டின லைஃப் ஜாக்கெட் ஈரம் காயறதுக்குள்ள அடுத்தவர் தோளுக்குப் போகுது. எண்ணெய் மசாஜுக்கு ஒரே மணையில ஒருத்தர் எழுந்திருக்க அடுத்தவர் உட்கார்றார். மீன் வறுத்துக் குடுக்கிற அம்மாக்கள் அடுப்பைச் சுத்தி, ஒருத்தர் தட்டை ஒருத்தர் எட்டிப் பாக்குற அளவுக்கு நெரிசல்.

என் பொண்ணு கேட்டா: "கூட்டம் சேரக் கூடாதுன்னுதானேம்மா அங்க மூடினாங்க? அந்தக் கூட்டம் மொத்தமும் இங்க வந்து நின்னா என்ன அர்த்தம்?"

பதினஞ்சு வயசுப் புள்ளைக்குத் தெரிஞ்சது, காரோட்டி வந்த எங்க யாருக்கும் தெரியலையா? தெரியும். தெரிஞ்சும் வந்தோம். அந்தக் கூட்டத்துல நாங்களும் அஞ்சு பேர். அதை மறைச்சு ஊரைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல.

மறுநாளே தமிழ்நாட்டுலயும் மார்ச் 31 வரைக்கும் ஸ்கூல், தியேட்டர், மால் எல்லாம் மூடல்னு அறிவிச்சாங்க. எதுக்காக லீவு விட்டாங்க? புள்ளைங்க வீட்டுக்குள்ள பத்திரமா இருக்கணும்னு. எங்க பேரன்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்புல அன்னிக்கு ராத்திரி என்ன பேச்சு தெரியுமா? ஏற்காடு போலாமா, ஊட்டியில ரூம் சீப்பா கிடைக்குமான்னு! சொந்தக்காரங்க ஒரு குடும்பம் அந்த வாரக் கடைசியில ஒகேனக்கல் போறோம்னு போக, மடம் செக்போஸ்ட்ல போலீஸ் திருப்பி அனுப்பிட்டாங்க. திரும்புற வழியில எங்க வீட்டுக்கு வந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் போலீசைத் திட்டினாங்க. "இவ்வளவு தூரம் டீசல் போட்டு வந்திருக்கோம், ஒரு மனிதாபிமானம் வேணாமா?" டீசல் காசு வலிக்குது. அந்த ஆத்துல துடுப்புப் போட்டாத்தான் அன்னிக்கு அடுப்பெரியும்னு இருக்கிற பரிசல்காரங்க, மீன் வறுக்கிற அம்மாக்கள் இனி என்ன செய்வாங்கன்னு அந்த ஒரு மணி நேரத்துல ஒரு வார்த்தை வரல.

22-ஆம் தேதி ஒரு நாள் ஊரடங்கு. காலையில இருந்து தெரு அவ்வளவு அமைதி. ரோட்டுல காக்கா நடக்குற சத்தம் கேட்டுச்சு. மனசுக்குள்ள ஒரு நிம்மதி, பரவால்லையே நம்ம ஜனங்க புரிஞ்சுக்கிட்டாங்களேன்னு. சாயங்காலம் 5 மணி ஆச்சு. டாக்டர், நர்சுங்களுக்கு நன்றி சொல்ல அவங்கவங்க வாசல்ல நின்னு கை தட்டச் சொன்னாங்க. எங்க தெருவே முச்சந்தியில கூடிடுச்சு. தட்டு, கரண்டி, சங்கு. தோள்ல குழந்தை. கட்டிப்பிடிச்சு செல்ஃபி. பகல் முழுக்கக் காத்த தூரத்தைப் பத்து நிமிஷத்துல தொலைச்சுட்டாங்க.

24-ஆம் தேதி சாயங்காலம் 6 மணியில இருந்து 144 தடை. அன்னிக்குப் பகல்ல கடைத்தெருவுக்குப் போனீங்களா? தக்காளிக் கூடை மேல பத்துக் கை. மளிகைக் கடையில துவரம்பருப்புக்குத் தள்ளுமுள்ளு. சரக்குக் கடை வரிசையில முன்னாடி நிக்கிறவர் முதுகுல பின்னாடி நிக்கிறவர் தாடை. 21 நாளைக்கு நாட்டையே பூட்டப் போறாங்கன்னு அன்னிக்கு ராத்திரி 8 மணிக்குத்தான் தெரிஞ்சது. தெரிஞ்சதும் திரும்ப ஒரு ஓட்டம்.

இந்த வாரம் ரேஷன் கடை. 2-ஆம் தேதியில இருந்து 1,000 ரூபாயும் அரிசி, பருப்பும் குடுக்குறாங்க. டோக்கன் குடுத்து, நேரம் சொல்லி, தரையில சுண்ணாம்புல வட்டமும் போட்டிருக்காங்க. ஒழுங்காத்தான் செஞ்சிருக்காங்க. ஆனா வட்டத்துக்குள்ள நிக்கிறது யாரு? பை நிக்குது. செருப்பு நிக்குது. ஒரு வட்டத்துல செங்கல். ஆளுங்க அத்தனை பேரும் வேப்பமரத்து நிழல்ல தோளோட தோள் உரசிக்கிட்டு!

இதையெல்லாம் பாத்துட்டு, நம்ம ஜனங்களுக்குத் தள்ளி நிக்கவே வராதுன்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். அக்காகிட்ட போன்ல பேசினப்புறம்தான் உறைச்சது. நமக்கு அது வரும். நல்லாவே வரும்.

அக்கா பையனுக்கு பெங்களூர்ல சென்ட்ரிங் வேலை. நம்ம மாவட்டத்துல எத்தனை ஊர் பெங்களூர்க் கூலியில பொழைக்குதுன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? ஞாயித்துக்கிழமை ராத்திரி தர்மபுரி பஸ் ஸ்டாண்டுல ஒசூர் வண்டிக்கு நிக்கிற கூட்டத்தைப் பாத்தாலே தெரியும். வேலை நின்னுச்சு, சாப்பாடு போட்ட மெஸ் மூடியாச்சு, மேஸ்திரி போனை எடுக்கல. அவனும் கூட நாலு பேரும் பார்டர் வரைக்கும் நடந்து, அங்க இருந்து ஒசூர், ராயக்கோட்டைன்னு நடந்து, நடுவுல கொஞ்ச தூரம் தக்காளி இறக்கிட்டுத் திரும்புன ஒரு டெம்போவுல ஏறி, 26-ஆம் தேதி ராத்திரி பாலக்கோடு பக்கம் அக்கா இருக்கிற எங்க சொந்த ஊருக்கு வந்து சேர்ந்தாங்க. உள்ளங்கால் ரெண்டும் கொப்புளம். வந்தவன் வீட்டுக்குள்ள காலே வைக்கல. "நான் மோட்டார் கொட்டாயில இருந்துக்கறேம்மா"ன்னு நேரா காட்டுக்குப் போயிட்டான். மறுநாள் நர்சம்மா வந்து பாத்தாங்க. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. பேரை எழுதிக்கிட்டு, 14 நாள் இப்படியே தனியா இருன்னு சொல்லிட்டுப் போனாங்க.

நேத்து வரைக்கும் தமிழ்நாட்டுல 411 பேருக்கு வந்திருக்கு. நம்ம மாவட்டத்துல ஒருத்தருக்குக்கூட இல்லை. ஆனா எங்க ஊர்த் தெரு தீர்ப்பு சொல்லிடுச்சு. மளிகைக் கடையில அக்கா கையில இருந்து காசு வாங்கல, "கல்லு மேல வெச்சுட்டுப் போ." அதே கடையில மத்தவங்க மேல விழுந்து வாங்கிட்டுத்தான் இருக்காங்க. பைப்புல அவ குடம் வரிசையில இருந்தா, அதை ஒதுக்கி விட்டுட்டு அடுத்த குடம். தள்ளி வெச்ச அந்த அம்மாவோட மகனும் பெங்களூர்லதான் இருக்கான், வர முடியாம மாட்டிக்கிட்டு. போன வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்கு இந்தப் பசங்க பெங்களூர்ல இருந்து அனுப்பின வரிப் பணத்துலதான் பந்தல் போட்டாங்க. அப்போ அந்தக் காசைக் கல்லு மேலயா வெக்கச் சொன்னாங்க?

அந்தப் பைப்புல வர்றது என்ன தண்ணி? நம்ம பக்கத்து போர்த் தண்ணியில ஃப்ளோரைடு. பல்லு காவி ஏறி, எலும்பு வளைஞ்சு எத்தனை பேர் கஷ்டப்பட்டாங்க! அதுக்காக ஜப்பான்கிட்ட கடன் வாங்கி, 1,928 கோடி ரூபாயில ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைக் கட்டி, 2013-ல திறந்தாங்க. ஊருக்கே விஷமில்லாத தண்ணி வரட்டும்னு அவ்வளவு தூரத்துல இருந்து காவிரியைக் குழாய்ல கொண்டு வந்தா, அந்தக் குழாயடியில ஒரு தாயோட குடத்தைக் காலால ஒதுக்குறோம். ஒரு நாளைக்குப் பத்து தரம் கையைக் கழுவுங்கன்னு போன்ல சொல்ற குரல், அவ எந்தத் தண்ணியில கழுவுவான்னும் சொல்லணும் இல்லையா?

இதையெல்லாம் ஆத்திரத்தோட அம்மாகிட்ட சொன்னேன். அம்மா இப்ப எங்ககூடத்தான் இருக்காங்க. புளி உருண்டை பிடிச்சுக்கிட்டு இருந்தவங்க, கையை நிறுத்திட்டு ரொம்ப நேரம் பேசல. அப்புறம் கேட்டாங்க: "உங்க தாத்தா வீட்டுத் திண்ணையில, இறவாணத்துல ஒரு டம்ளர் செருகி இருக்குமே, ஞாபகம் இருக்கா கண்ணு?"

இருக்கு. காட்டு வேலைக்குக் காலனியில இருந்து வர்றவங்களுக்கான டம்ளர். அவங்களே எடுத்து, அவங்களே கழுவி, திரும்ப அங்கேயே செருகணும். தண்ணி மேல இருந்து ஊத்துவாங்க. கூலியை நீட்டின கையில படாம மேல இருந்து போடுவாங்க. அந்தத் திண்ணையிலதான் நானும் அக்காவும் அஞ்சாங்கல் ஆடினோம். ஒரு நாளாவது ஏன்னு கேட்டோமா?

இப்போ புரியுதா, அந்த 'நம்மளையே' ஏன் என்னைத் தூங்க விடலன்னு? அந்த ஒரு 'ஏ'. மத்தவங்களைத் தள்ளி நிக்கச் சொன்னா அது ஊர் வழக்கம். நம்மளைச் சொன்னா மட்டும் அநியாயம். என் அக்கா நல்லவ, ஒரு ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காதவ. அவ வாயிலயே அந்த 'ஏ' குந்திக்கிட்டு இருக்கு. என் வாயிலயும் இருக்கும். 2012 நவம்பர்ல நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம் காலனியும், கூட ரெண்டு காலனியும் சாதி வெறியில எரிஞ்சப்போ, ஐயோ பாவம்னு டிவி பாத்துட்டு, அடுத்த வேளை உலை வெச்சவங்கதானே நாம?

போஸ்டர் அடிச்சு ஒட்டியிருக்காங்க, 'சமூக இடைவெளியைக் கடைப்பிடிப்போம்'னு. அந்த வார்த்தையைப் படிக்கும்போதெல்லாம் உடம்பு கூசுது. சமூக இடைவெளியை இன்னுமா கடைப்பிடிக்கணும்? தலைமுறை தலைமுறையா அதைத்தானே கடைப்பிடிச்சோம்? இப்போ கேக்குறது வெறும் ஒரு மீட்டர். ஆளுக்கு ஆள் ஒரு மீட்டர். அதை ரேஷன் கடையில குடுக்க மாட்டோம், அருவியில குடுக்க மாட்டோம், தட்டு தட்டும்போது குடுக்க மாட்டோம். ஆனா கால் கொப்புளத்தோட நடந்து வந்த பையனோட அம்மாகிட்ட மட்டும், கேக்காமலே பத்து மீட்டர் தள்ளிப் போயிடுவோம். தள்ளி நிக்கிறது அடுத்தவர் உயிருக்காக. தள்ளி வைக்கிறது நம்ம அகங்காரத்துக்காக. ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுட்டோம்னா, இந்த நோய் போனாலும் அந்த டம்ளர் இறவாணத்துலயே இருக்கும்.

நேத்து அக்காகிட்ட மறுபடி பேசினேன். நடந்ததை எல்லாம் சொல்லி, அந்த டம்ளரையும் சொன்னேன். ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம், "ஆமாண்டி"ன்னா. அவ்வளவுதான்.

பையன் எப்படி இருக்கான்னு கேட்டேன். மூணு வேளையும் சோத்துச் சட்டியைக் கொட்டாய்க்கு முன்னாடி துவைக்கிற கல்லு மேல வெச்சுட்டு, பத்தடி பின்னால வந்து வரப்புல உட்கார்ந்துக்குவாளாம். அவன் வந்து எடுத்துக்கிட்டுப் போய் வாசப்படியில உட்கார்ந்து சாப்பிடுவான். அவன் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் இவ எழுந்திருக்க மாட்டா. மாடு சினையா இருக்கு, மாங்காய் பிஞ்சு விட்டிருக்கு, கிணத்துல தண்ணி இறங்கிடுச்சுன்னு ஏதாவது பேசிக்கிட்டே இருப்பாளாம். பத்தடி தூரம். ஒரு அடிகூடக் குறையல. அவனைத் தனியா விடவும் இல்லை.

நாளைக்கு ராத்திரி 9 மணிக்கு 9 நிமிஷம் லைட்டை அணைச்சுட்டு விளக்கேத்தச் சொல்லியிருக்காங்க. எங்க ஊர்த் தெருவுலயும் எல்லா வாசல்லயும் ஏத்துவாங்க. ஏத்தட்டும். 9-ஆம் தேதி அந்தப் பையனுக்கு 14 நாள் முடியுது. பஸ் ஓடல, என்னால போக முடியாது. அதனால அந்தப் பைப்படியில நிக்கிற ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் நான் போன் போடப் போறேன். அந்த இருமல் முடியற வரைக்கும் காத்திருந்து, எடுத்தவுடனே ஒண்ணே ஒண்ணுதான் கேக்கப் போறேன். எங்க அக்கா குடத்துக்கு அவ வரிசையிலயே இடம் விடுங்க. காலனியில இருந்து யாராவது குடம் எடுத்துட்டு வந்தா, அதுக்கும் விடுங்க.