தரம் வேறு, வெள்ளை வேறு

எங்கட ஊர்களில் ஒரு படம் பெரிசாப் பிறிண்ட் ஆகிறது பெரும்பாலும் மூன்று இடங்களுக்குத்தான்: சாமத்தியவீடு, கலியாணவீடு, செத்தவீடு. மூன்றுக்கும் ஸ்ரூடியோவில் வருகிற கேள்வி ஒன்றுதான். "முகத்தைக் கொஞ்சம் வெள்ளையாக்கி விடவோ?" வீட்டுக்காரரும் "ஓம் தம்பி, வடிவா வரட்டும்" என்று சொல்லிவிடுகிறார்கள். எண்பது வயது ஆச்சியின் சுருக்கங்கள் அந்தியேட்டிக் கல்வெட்டில் காணாமல் போவது இப்படித்தான்.

படத்தைத் திருத்தவே கூடாது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பிறிண்டுக்குப் போகிற படத்தைத் திருத்தத்தான் வேணும். திரை தானே ஒளி விடுகிறது. தாள் தன்மேல் விழும் ஒளியை மட்டும் திருப்பித் தருகிறது. அதனால் போனில் பளிச்சென்று தெரிந்த படம் தாளில் இருண்டு வரும். மை தாளில் ஊறிப் பரவும்போது நிழல்கள் இன்னும் கறுக்கும். எங்களைப் போன்ற மண்ணிறத் தோலில் கண்குழியும் தாடையின் கீழ்ப்பக்கமும்தான் முதலில் அமுங்கிப்போகும். ஆகவே நடுத்தரமான நிறங்களைக் கொஞ்சம் உயர்த்தி, நிழலுக்குள் கிடக்கிற விபரங்களை வெளியே கொண்டுவர வேணும். அது தேவையான வேலை. முகத்தை மட்டும் பிரித்தெடுத்து வெள்ளையடிக்கிறது வேறு வேலை. கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறமாய் வந்த படங்களை எல்லாரும் பார்த்திருப்பம்.

இந்த வியாதி எங்களோட தொடங்கினதும் இல்லை. போன நூற்றாண்டின் நடுப்பகுதியில் கொடாக் நிறுவனம் படம் கழுவும் கூடங்களுக்கு ஒரு மாதிரிப் படத்தை அனுப்பி வந்தது. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். "ஷேர்லி அட்டை" என்று அதற்குப் பெயர். அந்தப் பெண்ணின் தோல் சரியாக வந்தால் இயந்திரம் சரி. கறுத்த தோல் எப்படி வருகிறது என்பது கணக்கிலேயே இல்லை. மண்ணிறங்கள் சரியாக வரவில்லை என்று பிறகு கொடாக்கிடம் முறையிட்டவர்களில் சொக்லேட் கம்பனிக்காரரும் தளபாடக்காரரும் இருந்தார்கள். மனிதத் தோலுக்குக் கிடைக்காத கவனம் மேசைக்கும் சொக்லேட்டுக்கும் கிடைத்தது. இன்றைக்கு நிறத்தைத் தீர்மானிக்கிற கருவி எங்கட கையிலேயே இருக்கு. அந்தப் பழைய அட்டையை மனசுக்குள் ஏன் இன்னும் காவித் திரிய வேணும்?

அப்ப தரம் எங்கே இருக்கிறது? முதலில் மூலப்படத்தில். 8க்கு 12 அங்குலப் படத்துக்கு, அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில் 2,400க்கு 3,600 பிக்சல் வேணும். வட்ஸ்அப்பில் சாதாரணமாய் அனுப்புகிற படம் நீளப்பக்கத்தில் 1,600 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும். அதை அதே கணக்கில் அடித்தால் ஐந்தரை அங்குலம்கூடத் தேறாது. அதே படத்தை டொக்கியூமன்டாக அனுப்பினால் ஒரு பிக்சலும் குறையாது. காசும் இல்லை, போட்டோசொப்பும் தேவையில்லை. பழைய அல்பப் படமென்றால் போனால் எடுத்து அனுப்பாமல் ஸ்கான் பண்ணுங்கோ. அடையாள அட்டைப் படம் மாதிரிச் சின்னது என்றால் 1,200 டிபிஐயில் பண்ணுங்கோ. பனருக்கு இவ்வளவும் தேவையில்லை. தூரத்தில் நின்று பார்க்கிறதால் அங்குலத்துக்கு 100 பிக்சலே காணும்.

இந்தக் கணக்குப் பார்க்காமல்தான் மங்கலான படங்கள் ஏஐ செயலிகளுக்குள் போகின்றன. அந்தச் செயலி படத்தில் இல்லாத கண்ணிமையையும் பல்வரிசையையும் ஊகித்து வரைகிறது. வருவது தெளிவான முகம்தான். ஆனால் அது வேறு ஒருவரின் முகம்.

இடப்பெயர்வுகளில் அல்பங்களைத் தொலைத்த வீடுகளில் ஒருவருக்கு மிஞ்சியிருப்பது சிலவேளை ஒரேயொரு படம். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு வீதியோரம் இருந்த தாய்மாரை நினைத்துப் பாருங்கோ. அவர்கள் கையில் இருந்த படம் அலங்காரத்துக்கு இல்லை. "என்ர பிள்ளை எங்கே?" என்று கேட்கிற படம். அப்படியொரு படத்தில் புருவத்துக்கு மேலே இருக்கிற தழும்பை ஒரு மென்பொருள் மினுக்கி அழித்துவிட்டால், ஆளை அடையாளம் காட்டுகிற சாட்சியமே அழிந்துவிடும். மங்கலான உண்மை முகம், தெளிவான பொய் முகத்தைவிட எவ்வளவோ பெறுமதியானது.

ஸ்ரூடியோ அண்ணைமாரை மட்டும் குற்றம் சொல்லவும் ஏலாது. வெள்ளையாக்காவிட்டால் "படம் சரியில்லை" என்று திருப்பிக் கொண்டுவருகிற ஆக்களும் இருக்கினம். ஆகவே மாற்றிக் கேட்க வேண்டியது எங்கட பக்கம்தான். "நிறத்தை மாத்தாதேங்கோ, இருட்டை மட்டும் எடுங்கோ" என்று சொல்லுவம். பெரிய பிறிண்டுக்கு முதல் 4க்கு 6இல் ஒன்று அடித்துத் தரக் கேட்பம். அதைப் பகல் வெளிச்சத்தில் வைத்து, அந்த ஆளை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் காட்டுவம். "இது அவர்தான்" என்று அவர் யோசிக்காமல் சொன்னால், அந்தப் பிறிண்ட் தரமானது.

மூலப்படத்தைக் கைவைக்காமல் தனியே சேமித்து வையுங்கோ. தன்ர மூக்கும் நிறமும் யாரிட்ட இருந்து வந்தது என்று தேடிக்கொண்டு, ஒரு பேரப்பிள்ளை நாளைக்கு அந்தப் படத்துக்கு முன்னால் வந்து நிற்கும்.