முருங்கைப் போத்துக்கு யார் டானிக் கொடுத்தது?

எங்கள் குடியிருப்பில் மேல் மாடிக்காரர் போன வாரம் காலையில் ஒரு போன்சாய்த் தொட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார். ஃபைக்கஸ். அதாவது நம் ஊர் இச்சி மரத்தின் குள்ள வடிவம். நல்ல மரம், பல வருஷம் பொறுமையாக வளர்த்தது.

"சார், ஞாயித்துக்கிழமை தொட்டி மாத்தினேன். மறுநாளே தலை தொங்கிடுச்சு. டிஏபி போட்டேன், எழும்பல. சரி, பத்தலை போலன்னு இன்னும் கொஞ்சம் போட்டேன். இப்ப இலை கொட்டுது. வேற என்ன உரம் போடலாம்?"

மண்மேல் உரக் குருணை கரையாமல் கிடந்தது. தொட்டியைச் சற்றே சாய்த்தேன். அடித் துளையிலிருந்து தண்ணீர் சொட்டு சொட்டாக என் பாதத்தில் விழுந்தது. உரம் போடலாமா வேண்டாமா என்று அவர் கேட்கவில்லை. போட்ட உரம் வேலை செய்யவில்லை, அடுத்த உரம் எது என்பதுதான் அவர் கவலை. அதற்குள் குடியிருப்பே அவருக்கு வைத்தியம் சொல்லி முடித்திருந்தது. அரிசி கழுவிய தண்ணீர் என்றார் ஒருவர். புளித்த மோர் என்றார் இன்னொருவர். வாழைப்பழத் தோலை ஊறவைத்த தண்ணீர், எப்சம் உப்பு, பஞ்சகவ்யா என்று ஆளுக்கொரு மருந்து. செடி வாங்கிய நர்சரிக்காரர் ஒரு 'ரூட் டானிக்' பாட்டிலையே கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார், காசுக்குத்தான். நிழலில் வைத்தீர்களா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

வாடினால் ஊட்டு. தலை தொங்கினால் ஊற்று. படித்தவர், படிக்காதவர், தோட்டம் போட்டவர், போடாதவர் என்று எல்லார் மனதிலும் இது வேதவாக்காக உட்கார்ந்திருக்கிறது. என் கேள்வி ஒன்றுதான். முருங்கைப் போத்துக்கு யார் டானிக் கொடுத்தது?

கிராமத்தில் பார்த்திருப்பீர்கள். காய்ப்பு ஓய்ந்த முருங்கையிலிருந்து கை தடிமனில், ஆள் உயரத்துக்கு ஒரு கிளையை வெட்டுவார்கள். அதுதான் போத்து. வெட்டியதும் நட மாட்டார்கள். வெட்டு வாய் காயட்டும் என்று சில நாள் நிழலில் சாய்த்து வைப்பார்கள். பிறகு குழி தோண்டி, நட்டு, சுற்றிலும் மண்ணைக் காலால் மிதித்து இறுக்கி, மேல் நுனியில் ஒரு கை பச்சைச் சாணியை அப்பிவிட்டுப் போய்விடுவார்கள். சாணியை வேரடியில் போடாமல் உச்சந்தலையில் வைப்பதைக் கவனியுங்கள். அங்கே அது உரம் இல்லை, மூடி. வெட்டு வாய் வழியாக ஈரம் போய்விடாமல் இருக்க. இலை ஒன்று கிடையாது, வேர் ஒன்று கிடையாது. கொஞ்ச நாளில் பட்டையைப் பிளந்துகொண்டு பச்சை மொட்டு வருகிறது. தினமும் குடம் குடமாக ஊற்றிப் பாருங்கள், அடி அழுகிப் பிடுங்கினால் கையோடு வரும். இதைத் தெரிந்துகொள்ள என் பாட்டி எந்த விவசாயக் கல்லூரிக்கும் போகவில்லை.

வேரே இல்லாத கட்டை அதன்பாட்டுக்குத் துளிர்க்கிறது. பாதி வேர் மிச்சமிருக்கும் போன்சாய்க்கு மட்டும் 18:46 டிஏபி வேண்டுமாம்!

தொட்டி மாற்றும்போது நாம் என்ன செய்கிறோம் என்று யோசித்தால் போதும். மரத்தைப் பிடுங்கி, பழைய மண்ணைக் குச்சியால் கோதி உதிர்த்து, சுற்றிச் சுருண்ட வேர்களைக் கத்தரியால் வெட்டுகிறோம். தடித்த வேர்கள் தப்பிக்கும். போவது நுனிவேரும் அதைச் சுற்றியிருக்கும் வேர்த்தூவிகளும். தண்ணீரைப் பெரும்பாலும் உறிஞ்சுவது அவைதான். தடித்த வேர் குழாய் மாதிரி, கடத்தும், குடிக்காது. ஆக, குடிக்கும் வாயில் பாதியை வெட்டியாயிற்று. மேலே இலைகளோ பழைய கணக்கிலேயே நீரை ஆவியாக்கிக்கொண்டிருக்கின்றன. வரவு குறைந்தது, செலவு குறையவில்லை. தலை தொங்கும், வேறென்ன செய்யும்? பசியால் தொங்கவில்லை. இந்த இடத்தில் செலவைக் குறைப்பவன் தோட்டக்காரன். வெட்டுப்பட்ட வாயில் சோற்றைத் திணிப்பவனை என்னவென்று சொல்வது?

திணிப்பதிலும் உப்பைத் திணிக்கிறோம். ரசாயன உரம் பெரும்பாலும் உப்புதான். மாங்காய்த் துண்டில் உப்பைப் பிசறி வைத்தால் மறுநாள் ஜாடியில் தண்ணீர் நிற்கிறதே, அது மாங்காய்க்குள் இருந்த தண்ணீர். வேரைச் சுற்றி உரம் கரைந்து உப்பு கூடினால் அதே கதை. மண்ணில் ஈரம் இருக்கும், வேரால் எடுக்க முடியாது. உப்பு மிஞ்சினால் வேருக்குள் இருப்பதும் வெளியே போகும். மேல் மாடிக்காரர் மரத்தை ஊறுகாய் போட்டுக்கொண்டிருந்தார். அதையும் இரண்டு தடவை.

"பாஸ்பரஸ் வேரை வளர்க்கும் சார்" என்றார் அவர், விடாமல். மண்ணில் பாஸ்பரஸ் பஞ்சமாக இருந்தால் கொடுத்ததும் பலன் தெரியும். பஞ்சமே இல்லாத மண்ணில் கொட்டிக்கொண்டே போனால் வேர் ஓடி வந்துவிடாது. புது வேர் விடத் தேவையான சர்க்கரை, தண்டிலும் தடித்த வேரிலும் மாவுச்சத்தாகச் சேமிப்பில் இருக்கிறது. மிச்சத்தை இலை வெளிச்சத்தில் தயாரிக்கிறது. கட்டைக்குள் இருந்த சேமிப்பை வைத்துத்தானே முருங்கைப் போத்து பிழைத்தது? அது எந்தக் கடையில் பாஸ்பரஸ் வாங்கியது?

டானிக் பாட்டிலுக்கு வருவோம். லேபிளில் வைட்டமின் பி1 என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள். இதற்கு ஒரு பூர்வ கதை உண்டு. 1930-களில் அமெரிக்காவில் கால்டெக் ஆய்வகத்தில் ஜேம்ஸ் பானர் என்ற தாவரவியலாளர் பட்டாணிச் செடியின் வேர் நுனியைத் தனியே வெட்டி எடுத்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்தார். அந்தக் கரைசலில் பி1 சேர்த்தால் வேர் நன்றாக வளர்ந்தது. 1937-இல் அது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா, பி1 ஊற்றினால் தோட்டமே பொங்கும் என்று அந்த நாட்டில் ஒரு அலை கிளம்பிவிட்டது. ஆனால் முழுச் செடிகளை வைத்துச் செய்த சோதனைகளில் அந்த அற்புதம் நடக்கவில்லை. காரணம் சிரிப்பாக இருக்கும். செடியின் இலையே பி1-ஐத் தயாரித்து வேருக்கு அனுப்புகிறது. கிண்ணத்து வேர் நுனிக்கு இலை இல்லை, அதனால் வெளியிலிருந்து கொடுக்க வேண்டியிருந்தது. உங்கள் மரத்துக்கு இலை இருக்கிறது. இலையே இல்லாத நம் போத்தும் இந்தப் பாட்டிலைக் கண்டதில்லை. கிட்டத்தட்ட தொண்ணூறு வருஷம் கழித்து அதே சரக்கை நம் தலையில் கட்டுகிறார்கள், நாமும் சொட்டுக் கணக்கு பார்த்து ஊற்றுகிறோம்.

நர்சரிக்காரரை மட்டும் திட்டிப் புண்ணியமில்லை. இது நம் ரத்தத்தில் ஊறிய வியாதி. காய்ச்சல் என்று கிளினிக்குக்குப் போனால், "ஒரு பாட்டில் ஏத்திடுங்க டாக்டர், தெம்பா இருக்கும்" என்று நாமே கேட்டு வாங்கிக்கொள்கிறோம். அரை லிட்டர் 5 சதவீத குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. அதற்குக் கட்டில், ஊசி, பில். சும்மா படுத்து ஓய்வெடுங்கள் என்று சொல்லும் டாக்டருக்குக் கைராசி இல்லை என்று பேர். மரக்கன்று நடுவிழாவும் இதே லட்சணம்தான். ஒரு கன்று, சுற்றிலும் ஆறேழு பிரமுகர், ஒரு குடம் தண்ணீர், போட்டோ. மறுநாள் வெயிலுக்கு மறைப்பு கட்ட ஆள் கிடையாது. ஊற்றுவது படத்தில் விழும், மறைப்பு கட்டுவது விழாது. அப்புறம் அந்த அன்பளிப்புப் போன்சாய் கடைகள். மண்ணுக்கு மேல் கூழாங்கல்லைப் பசை போட்டு ஒட்டி விற்கிறார்கள். ஊற்றும் தண்ணீர் பாதி வழிந்து ஓடும், அடியில் மண் எப்படி இருக்கிறதென்று கடவுளுக்குத்தான் தெரியும். அதை வாங்கிக்கொண்டு போனவர் வாடுகிறதே என்று உரம் தேடுவார். போகட்டும், அது தனிக் கட்டுரை.

தண்ணீர் ஊற்றுகிறவர்களையும் விடுவதாக இல்லை. தொட்டி மாற்றிய அன்று, அடித் துளையில் தெளிந்து வரும்வரை ஊற்ற வேண்டும், சரி. அதற்கப்புறம் காலை ஒரு சொம்பு, மாலை ஒரு சொம்பு எதற்கு? குடிக்கும் வேர் குறைந்திருக்கிறது, மண்ணும் மெதுவாகத்தான் காயும். போன்சாய்த் தொட்டியில் இன்னொரு சிக்கல். ஒரே மண்ணை ஆழத் தொட்டியிலும் தட்டையான தொட்டியிலும் போட்டால், தண்ணீர் வடிந்தபின் அடியில் சொதசொதவென்று தங்கும் படலத்தின் உயரம் இரண்டிலும் ஒன்றுதான். ஒரு அடி ஆழத் தொட்டியில் அது எங்கேயோ கீழே கிடக்கும். இரண்டு அங்குலத் தொட்டியில் வேர் முழுக்க அதில்தான் நிற்கும். மண் இடுக்கில் காற்று இருந்த இடத்தை நீர் பிடித்துக்கொண்டால் வேர் மூச்சு முட்டி அழுகும். அழுகிய வேர் தண்ணீர் எடுக்காது, இலை இன்னும் தொங்கும். தொங்குகிறதே என்று நீங்கள் இன்னொரு சொம்பு ஊற்றுவீர்கள். மேல் மாடிக்காரர் செய்தது இதுதான்.

துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவுங்கள். தண்டுக்குப் பக்கத்தில், வேரைக் குத்தாமல், அடிவரை மண்ணில் செருகிக் கொஞ்ச நேரம் விட்டு இழுத்துப் பாருங்கள். குச்சி கறுத்து, ஈர மண் ஒட்டிக்கொண்டு வந்தால் சொம்பை உள்ளே கொண்டுபோய் வைத்துவிடுங்கள். மரம் செத்துவிட்டதா என்ற பயமா? பட்டையைக் கட்டைவிரல் நகத்தால் மெல்லக் கீறுங்கள். உள்ளே பச்சையாக இருந்து, ஃபைக்கஸாக இருந்தால் ஒரு துளிப் பாலும் கசிந்தால், உயிர் இருக்கிறது. இச்சி வகை மரங்கள் இடம் மாற்றினால்கூட இலையைக் கொட்டும். செலவைக் குறைக்க அதற்குத் தெரிந்த வழி அது. நாமே முந்திக்கொண்டு பாதி இலையைக் கிள்ளிவிட்டாலும் ஃபைக்கஸ் கோபித்துக்கொள்ளாது. ஆனால் பைன், ஜூனிப்பர் வளர்ப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அவற்றை மொட்டையடித்துவிடாதீர்கள். அவை சாகும். அடினியமும் ஜேட் செடியும் இன்னும் ஒரு படி மேல்: வெட்டுப்பட்ட வேர் காயும்வரை சில நாள் தண்ணீரே வேண்டாம். அடினியத்தை மண்ணே இல்லாமல் காகிதத்தில் சுற்றிப் பார்சலில் அனுப்புகிறார்கள், போத்தைப் போலவே வெறுங்கட்டையாக வந்து இறங்கி அதுவும் பிழைக்கிறது.

"அப்போ எதுவுமே செய்யாம உக்காந்திருக்கணுமா?" என்று மேல் மாடிக்காரர் கோபமாகவே கேட்டார். செய்ய எவ்வளவோ இருக்கிறது, பாட்டிலில் விற்பதில்லை, அவ்வளவுதான். மரத்தைத் தொட்டியோடு கம்பி போட்டு அசையாமல் கட்டுங்கள். ஆடிக் காற்றில் தண்டு ஆட ஆட, அன்றைக்கு முளைத்த வேர் நுனி அன்றைக்கே ஒடியும். நேர் வெயில் படாத, வெளிச்சமான இடத்தில் இரண்டு மூன்று வாரம் வையுங்கள். இலைமேல் பனிபோலத் தண்ணீர் தெளிக்கலாம். ஃபைக்கஸ் ரொம்பவே துவண்டிருந்தால், நிழலில் வைத்துக் கண்ணாடி போன்ற பாலிதீன் பையால் மூடி ஈரக்காற்றைப் பிடித்து வைக்கலாம். வேர் வந்ததா என்று பிடுங்கிப் பார்க்கக் கூடாது. கை அரித்தால் வேறு வேலை பாருங்கள். அடுத்த முறை கத்திரி வெயிலில் கத்தரியைத் தொடாதீர்கள். புதுத் துளிர் வந்து இலையாக விரிந்த பிறகு, எப்படியும் ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ கழித்து, வழக்கமான அளவில் பாதி உரம் கொடுங்கள்.

அவர் தொட்டியில் கிடந்த குருணையைக் கரண்டியால் வழித்தெடுத்து, நல்ல தண்ணீரை நிறைய விட்டு உப்பைக் கழுவி, முழுக்க வடியவைத்து நிழலில் வைக்கச் சொன்னேன். இத்தோடு சொம்புக்கு லீவு, குச்சி காய்ந்தால்தான் அடுத்த தண்ணீர் என்றேன். அரைமனதாகத் தலையாட்டிவிட்டு, "அப்ப மிச்சம் இருக்கற டிஏபியை என்ன சார் பண்றது?" என்றார். ரோஜாவுக்குப் போடுங்கள் என்றேன். அப்புறம் சந்தேகம் வந்து, ரோஜாவுக்கு எப்போது தொட்டி மாற்றினீர்கள் என்று கேட்டேன். அதே ஞாயிற்றுக்கிழமைதானாம்.