துருவின் மேல் வண்ணம்

பழைய காருக்கு வண்ணம் பூசுவதைப் புதுப்பித்தல் என்று சொல்லிப் பழகிவிட்டோம். பெரும்பாலும் நடப்பது மறைத்தல்தான். சென்னையில் நாங்கள் வைத்திருக்கும் அப்பாவின் அம்பாசிடர்தான் இதை எனக்குக் கற்றுத்தந்தது. தங்கையின் திருமணத்துக்காக அவசர அவசரமாக ஒரு பட்டறையில் விட்டோம். மூன்றே நாளில் பளபளவென்று திரும்பி வந்தது. இரண்டாவது மழைக்காலத்தில் கதவின் அடிவிளிம்பில் கொப்புளங்கள் கிளம்பின. நகத்தால் கீறியதும் பட்டி, அப்பளம்போலப் பெயர்ந்தது. அடியில் துரு அப்படியே இருந்தது.

துரு தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வது. ஈரத்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்வது. மேலே எதைப் பூசினாலும் உள்ளிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். கடற்காற்றின் உப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

அடுத்த முறை நானே உட்கார்ந்தேன். தகட்டைத் துளைக்காத மேல்துருவுக்குப் பெரிய வித்தை எதுவும் தேவையில்லை; பொறுமை போதும். சோப்பு நீரில் கழுவி உலர்த்தியபின், 80 எண் எமரித் தாளால் இரும்பு வெளுக்கும்வரை தேய்க்க வேண்டும். துருவின் எல்லையோடு நின்றுவிடாமல், நல்ல வண்ணத்துக்குள்ளும் சற்றுப் போக வேண்டும். பிறகு 180, 320 எனத் தாளை மென்மையாக்கி, வண்ணத்தின் விளிம்பைச் சரிவாக்க வேண்டும். குழிகளில் எஞ்சிய துருவுக்கு டானிக் அமிலம் கலந்த திரவம் தடவினால் அது கருநீலமாக மாறி அடங்கும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சியபோது நிகழ்ந்ததும் இதே வேதிவினைதான். எழுத்தை நிலைக்கவைத்த கருமை, இங்கே இரும்பைக் காக்கிறது. அது காய்ந்ததும் தாமதிக்காமல் எபாக்ஸி பிரைமர் அடிக்க வேண்டும். வெற்று இரும்புக்கு விரல் வியர்வையே போதும், மறுபடி துருவேற. பட்டி, வண்ணம் எல்லாம் அதன் பிறகு, மழையில்லாத நாளில், மெல்லிய பூச்சுகளாக.

இதற்கு நேரெதிரான பிழையும் உண்டு. நான்கு இடத்துத் துருவுக்காக வண்டி முழுவதையும் சுரண்டி, ஆலையிலிருந்து வந்த அன்றைவிட மினுக்கிவிடுகிறார்கள். அம்பாசிடர் உற்பத்தி உத்தர்பாராவில் 2014இல் நின்றுவிட்டது. ஆலை பூசிய வண்ணம் ஒரு வண்டிக்கு ஒருமுறைதான். நோயுள்ள இடத்தை மட்டும் தொடுவதே அதற்கு நாம் செய்யும் மரியாதை என்பது என் கட்சி.

எங்கள் வண்டியின் கதவில் கூர்ந்து பார்த்தால் புது வண்ணம் தனியாகத் தெரியும். தெரியட்டும். அடியில் இருப்பது இரும்பு.