கான்வென்ட்டுக்கென்று தனிப் பாடத்திட்டம் கிடையாது

பங்குனி, சித்திரை வந்துவிட்டால் திருப்பூரில் ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளைப் பற்றியே பேச்சு. பனியன் கம்பெனியில் டீ நேரத்தில் ஓவர்லாக் டெய்லரும் செக்கிங் பார்க்கும் அக்காவும் ஒரே குரலில் சொல்வார்கள்: "ஆறாவதுல சிஸ்டர் ஸ்கூல்ல போட்டுட்டாப் போதுங்க. அங்க பாடமே வேறைங்க." போனஸ் பணமும் சீட்டுப் பணமும் இதற்காகவே ஒதுக்கப்படுகின்றன. இதற்கு நேர் எதிராகவும் ஒரு பேச்சு உண்டு: "அங்க பாடம்ங்கிற பேர்ல வேதத்தைத்தான் சொல்லித் தருவாங்க." புகழ்கிறவர்களும் பயப்படுகிறவர்களும் நம்புவது ஒன்றைத்தான். கத்தோலிக்கப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டு வரை ஏதோ தனிப் பாடத்திட்டம் நடக்கிறது என்பதே அது.

அப்படி எதுவும் நடக்கவில்லை. இந்தத் தவறான நம்பிக்கையால் பெற்றோர் ஒரு பிள்ளையின் மிக முக்கியமான மூன்று ஆண்டுகளைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்காமல் விடுகிறார்கள். ஆகவே ஒவ்வொரு வாதமாக எடுத்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

"அங்கே பாடமே வேறு"

ஒரு காலத்தில் வேறாகத்தான் இருந்தது. 2010 வரை தமிழ்நாட்டில் மாநில வாரியம், மெட்ரிக், ஓரியண்டல், ஆங்கிலோ இந்தியன் என்று நான்கு பாடத்திட்டங்கள் இருந்தன. முத்துக்குமரன் குழுவின் பரிந்துரையை அடுத்து 2010இல் சமச்சீர்க் கல்விச் சட்டம் வந்தது. 2010-11இல் ஒன்றாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் பொதுப் பாடம் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஆட்சி மாறியதும் அதை நிறுத்திவைக்க முயற்சி நடந்தது. 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் அதை நடைமுறைப்படுத்தியே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பிறகு மு.ஆனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழு பாடத்திட்டத்தைப் புதுப்பித்தது. 2018-19இல் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்குப் புதிய புத்தகங்கள் வந்தன.

இன்று மாநகராட்சிப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண்ணும், அரசு உதவி பெறும் கத்தோலிக்கப் பள்ளியில் படிக்கும் பெண்ணும், சிஸ்டர்கள் நடத்தும் மெட்ரிக் பள்ளியில் படிக்கும் பெண்ணும் ஒரே அறிவியலைத்தான் படிக்கிறார்கள். பயிற்றுமொழி மட்டும் வேறாக இருக்கலாம். சிபிஎஸ்இ இணைப்புள்ள கத்தோலிக்கப் பள்ளி என்றால், நாட்டின் மற்ற சிபிஎஸ்இ பள்ளிகளில் உள்ள அதே பாடத்திட்டம்தான் அங்கும். திருப்பூர் கோவை மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. இயற்கணிதத்துக்கோ ஒளியியலுக்கோ மறைமாவட்டம் தனிப் புத்தகம் எழுதுவதில்லை.

பொது அறிவு, கம்ப்யூட்டர், ஸ்போக்கன் இங்கிலீஷ் என்று பள்ளிகள் சேர்த்துக் கொடுக்கும் தனியார் புத்தகங்களைத்தான் பலர் 'வேறு பாடம்' என்று நினைக்கிறார்கள். இவை கட்டணப் பட்டியலில் கூடும் வரிகள். பிள்ளையின் எட்டாம் வகுப்புக் கணக்கை இவை உயர்த்துவதில்லை.

"வேதம் படிக்க வைப்பார்கள்"

இந்த அச்சத்தை ஏளனம் செய்யக் கூடாது. பதில் சொல்ல வேண்டும். சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையை அரசியலமைப்பின் 30ஆவது பிரிவு தருகிறது. அதே அரசியலமைப்பின் 28(3) பிரிவு, அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் பள்ளியில் எந்த மாணவரையும் சம்மதமில்லாமல் மத போதனையில் பங்கேற்க வைக்கக் கூடாது என்கிறது. பிள்ளை சிறுவயது என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும்.

நடைமுறையிலும் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறிக் கல்வி என்று பிரித்து நடத்துவதே வழக்கம். இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை 2024இல் தன் பள்ளிகளுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. பிற மதப் பிள்ளைகள் மீது கிறிஸ்தவ மரபுகளைத் திணிக்கக் கூடாது, காலை வணக்கக் கூட்டத்தில் அரசியலமைப்பின் முகப்புரையை வாசிக்க வேண்டும் என்பவை அதில் உள்ளவை. ஆகவே ஒரு பள்ளி கட்டாயப்படுத்தினால் அது சட்டத்தையும் மீறுகிறது, தன் திருச்சபையின் சொல்லையும் மீறுகிறது. நன்னெறி வகுப்பில் என்ன நடக்கிறது என்று கேட்கப் பெற்றோருக்கு முழு உரிமை உண்டு. கேளுங்கள்.

என் ஆதங்கம் வேறு. அந்த நன்னெறி வகுப்பைப் பல பள்ளிகள் கணக்கு டெஸ்ட்டுக்கு விட்டுக்கொடுத்துவிடுகின்றன. அப்பா அம்மா இருவரும் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு இரவு எட்டரைக்கு வீடு திரும்பும் ஊர் இது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் கோபம், பயம், கைப்பேசி, உடல் மாற்றம் பற்றி உட்கார்ந்து பேச வீட்டில் ஆளில்லை. பக்கத்து பெஞ்சில் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த குடும்பத்துப் பிள்ளை இருக்கலாம். அந்தப் பிள்ளையோடு எப்படிப் பழகுவது என்று சொல்லித்தரவும் இந்த வகுப்பை விட்டால் வேறு நேரம் இல்லை. இதை விட்டுக்கொடுப்பது பெரிய இழப்பு.

"இங்கிலீஷ் மீடியம் போனால்தான் எதிர்காலம்"

ஆங்கிலம் வேண்டும். வெளிநாட்டு பையருக்கு மெயில் எழுதும் ஊரில் அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் ஆங்கிலம் கற்பது ஒன்று, கணக்கையும் அறிவியலையும் திடீரென்று ஆங்கிலத்தில் படிப்பது இன்னொன்று. ஐந்தாவது வரை தமிழில் படித்த பிள்ளையை ஆறாவதில் ஆங்கில வழிக்கு மாற்றினால், புரிந்துகொண்டிருந்த பிள்ளை மனப்பாடத்துக்கு நகர்கிறது. வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத குடும்பத்தில் இந்த விரிசல் ஒன்பதாம் வகுப்பில்தான் வெளியே தெரியும்.

ஆறாம் வகுப்புச் சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அடுத்த ஆண்டு பொறியியலுக்கும் வந்தது. உதவி பெறும் பள்ளிக்கு இது கிடையாது. கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் அரசுப் பள்ளி மாணவர்களுக்கும், உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. அதற்கும் ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்கு. அரசுப் பணியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமைக்கு முதல் வகுப்பிலிருந்தே தமிழ் வழி கேட்கிறார்கள். இவ்வளவையும் அறிந்து ஆங்கில வழியைத் தேர்ந்தெடுத்தால் அது பெற்றோரின் உரிமை. பக்கத்து வீட்டுக்காரர் சேர்த்தார் என்பதற்காக இவற்றைக் கைவிடுவது பிள்ளைக்கு ஏற்படுத்தும் நஷ்டம்.

கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் இதில் ஒரு பொறுப்பு இருக்கிறது. ஏழைகளுக்கும் விளிம்பில் உள்ளவர்களுக்கும் முதலிடம் என்று இந்தியத் திருச்சபை 2007இல் வெளியிட்ட கல்விக் கொள்கை சொல்கிறது. தமிழ் வழிப் பிரிவுகளில் நல்ல ஆசிரியர்களை நிறுத்துவதே அந்தச் சொல்லைக் காப்பாற்றும் வழி.

"எட்டு வரைக்கும் ஆல் பாஸ்தானே"

கல்வி உரிமைச் சட்டம் 2009இல் கொண்டுவந்த தேக்கமின்மை முறை எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தக் கூடாது என்றது. 2019இல் ஒன்றிய அரசு சட்டத்தைத் திருத்தி 5, 8 ஆகிய வகுப்புகளில் நிறுத்தலாம் என்று அனுமதித்தது. தமிழக அரசும் பொதுத்தேர்வு அறிவித்து, எதிர்ப்பு வலுத்ததும் 2020 பிப்ரவரியில் கைவிட்டது. அது நல்ல முடிவு. பதினோரு வயதில் தோற்ற பிள்ளை மறுபடி பள்ளிக்கு வருவதைவிட ஹெல்ப்பராகக் கம்பெனிக்குப் போவதற்குத்தான் இந்த ஊரில் வாய்ப்பு அதிகம்.

ஆனால் தேர்ச்சி உறுதி என்பதால் படிப்பும் உறுதி என்று ஆகாது. எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். அரசு, உதவி பெறும் பள்ளி மாணவர்கள் எழுதலாம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். நான்கு ஆண்டுகளில் 48,000. கேள்விகள் ஏழாம், எட்டாம் வகுப்புப் பாடங்களிலிருந்து வருகின்றன. 'ஆல் பாஸ்' என்று மெத்தனமாக விட்ட பிள்ளைக்கு இந்தப் பணம் கிடைக்காது.

இன்னொன்று. எட்டாவது முடியும்போது பிள்ளைக்குப் பதினான்கு வயது ஆகிவிடுகிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் முழுத் தடை அந்த வயதோடு முடிகிறது. படிப்பில் பிடிப்பு இல்லாத பிள்ளையைக் கம்பெனி வா என்று கூப்பிடும் வயதும் அதுதான். அந்த நேரத்தில் பிள்ளையைப் பள்ளியில் நிறுத்தி வைப்பது ஆறு, ஏழு, எட்டில் கிடைத்த புரிதல் ஒன்றே.

"பனியன் கம்பெனிக்குப் போகிறவனுக்கு இந்தப் பாடம் எதற்கு?"

எனக்கு மிகவும் வருத்தம் தரும் வாதம் இதுதான். இந்த ஊரின் தொழிலே எட்டாம் வகுப்புப் புத்தகத்தில்தான் ஓடுகிறது.

டையிங்கிலிருந்து துணி ரோல் வந்ததும் வட்டக் கட்டரை வைத்து அழுத்தித் திருகுவார்கள். 100 சதுர சென்டிமீட்டர் வட்டத் துண்டு கையில் வரும். எலக்ட்ரானிக் தராசில் 1.8 கிராம் காட்டினால் நூறால் பெருக்கி ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) 180 என்று எழுதுவார்கள். இனி ஒரு டி-ஷர்ட். உயரம், கை நீளம், தையலுக்கு விடுவது எல்லாம் சேர்த்து 100 சென்டிமீட்டர். அகலம் 55 சென்டிமீட்டர். முன்னும் பின்னுமாக இரண்டு. மொத்தம் 11,000 சதுர சென்டிமீட்டர், அதாவது 1.1 சதுர மீட்டர். 180ஆல் பெருக்கினால் ஒரு பீஸுக்கு 198 கிராம் துணி. அதே துணி 190 ஜிஎஸ்எம்மாக வந்துவிட்டால் பீஸுக்கு 209 கிராம். பதினொரு கிராம்தானே என்று விட்டால் 10,000 பீஸ் ஆர்டரில் 110 கிலோ துணி கூடுதலாகப் போகும். துணிக்குக் கிலோ கணக்கில்தான் காசு. பரப்பளவு, தசமம், விகிதம், சதவீதம் தவிர இதில் வேறொன்றும் இல்லை. இந்தக் கணக்கு வராதவர் கைமடிப்பிலேயே நிற்கிறார். வருகிறவர் கட்டிங் மாஸ்டராகவும் மெர்ச்சண்டைசராகவும் ஆகிறார்.

சாயத்திலும் இதே கதைதான். 100 கிலோ துணிக்கு 2 சதவீத ஷேடு என்றால் 2 கிலோ சாயம். துணிக்கும் தண்ணீருக்கும் 1:8 விகிதம் என்றால் 800 லிட்டர் தண்ணீர். சாயம் பிடிக்க உப்பும் சோடா சாம்பலும் போட வேண்டும். அந்த உப்பு நொய்யல் ஆற்றில் கலந்து ஒரத்துப்பாளையம் அணை வரை விவசாயத்தைக் கெடுத்ததால்தான் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் நீர் ஒரு பாடம், அமிலங்களும் காரங்களும் ஒரு பாடம். லிட்மஸ் தாளோடு நொய்யல் தண்ணீரை வகுப்பறைக்குக் கொண்டுவரும் ஆசிரியர் இருந்தால், அந்தப் பாடம் பிள்ளைக்கு மறக்காது. அதற்குத் தனிப் பாடத்திட்டம் வேண்டாம்; ஒரு நல்ல ஆசிரியர் போதும்.

அப்படியானால் வித்தியாசமே இல்லையா?

இருக்கிறது. மணி அடித்தால் வகுப்பு நடக்கும், இரண்டு நாள் வரவில்லை என்றால் வீட்டுக்குப் போன் வரும், ஆசிரியர் பணியிடம் மாதக்கணக்கில் காலியாகக் கிடக்காது என்ற பெயரைப் பல கத்தோலிக்கப் பள்ளிகள் உழைத்துச் சம்பாதித்திருக்கின்றன. அந்தப் பெயருக்கு மரியாதை தருகிறேன். ஆனால் அது நிர்வாகத்தின் நேர்த்தி. எந்தப் பள்ளியிலும் வரக்கூடியது. ஆயிரக்கணக்கான மாணவிகள் படிக்கும் ஜெய்வாபாய் மாநகராட்சிப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இடம் கேட்டு இதே ஊரில் பெற்றோர் வரிசையில் நிற்பதும் அதனால்தான்.

ஆகவே அடுத்த சேர்க்கைக்குப் போகும்போது "உங்க சிலபஸ் என்னங்க?" என்று கேட்காதீர்கள். அதை அரசு எப்போதோ முடிவு செய்துவிட்டது. ஏழாம் வகுப்புக் கணக்குக்கு யார் வருகிறார், எத்தனை ஆண்டாக அவர் இங்கே இருக்கிறார், ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், பின்தங்கிய பிள்ளைக்கு மாலையில் என்ன செய்கிறீர்கள், என்.எம்.எம்.எஸ். தேர்வுக்குத் தயார் செய்கிறீர்களா, நன்னெறி வகுப்பு நிஜமாக நடக்கிறதா என்று கேளுங்கள். அரசுப் பள்ளியிலும் இதையே கேளுங்கள். நேராகப் பதில் சொல்லும் பள்ளி எதுவோ அங்கே சேருங்கள். வாசலில் சிலுவை இருக்கிறதா, அரசு முத்திரை இருக்கிறதா என்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.