கள்ளனைப் பிடிப்பதா, கள்ளனை உண்டாக்குவதா?

குற்றத்தைக் கண்டுபிடிப்பது போலீசாரின் கடமை என்பதை நாம் ஒப்புக்கொள்ளுகிறோம். குற்றத்தை உற்பத்தி செய்வதும் அவர்கள் கடமைதானா என்பதே நமது கேள்வி.

அமெரிக்காவில் மதுவிலக்குச் சட்டம் அமுலிலிருந்த 1930-ம் வருஷத்தில், வட கரோலினா மாகாணத்தில் சர்க்கார் ஏஜெண்டு ஒருவர் பிரயாணி வேஷத்தில் சாரெல்ஸ் என்பவர் வீட்டுக்குப் போய்ச் சாராயம் கேட்டார். இல்லை என்றார். மறுபடியும் கேட்டார்; அப்போதும் கிடைக்கவில்லை. பிறகு, இருவரும் முதல் உலக யுத்தத்தில் ஒரே படைப்பிரிவில் இருந்தவர்கள் என்று பேச்சு வந்தது. யுத்தக் கதைகளைப் பேசி, சிநேகம் வளர்த்து, மீண்டும் கேட்டார். சாரெல்ஸ் வெளியே போய் அரை காலன் சாராயம் கொண்டுவந்து 5 டாலர் வாங்கினார். தூண்டுதலைப் பற்றி ஜூரிகள் யோசிக்கவே கீழ்க்கோர்ட்டு இடந்தரவில்லை. 18 மாதச் சிறை விதித்தது. 1932-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்து செய்தது.

இதற்கு முன் 1864-ல் நியூயார்க் கோர்ட்டு ஒன்று, பாம்பு ஏமாற்றிற்று என்று ஏவாள் சொன்னதைக் கடவுளே ஏற்கவில்லையென்று காட்டி இவ்வாதத்தைக் கேலி செய்திருந்தது. மரத்தையும் பாம்பையும் படைத்துவிட்டுத் தின்றவளைத் தண்டிப்பது கடவுளுக்கு நியாயமாயிருக்கலாம்; மனிதர் கோர்ட்டுக்கு அது நியாயமாகுமா?

ஆனால் 1932-ம் வருஷத் தீர்ப்பிலும் ஓர் ஓட்டை உண்டு. எதிரிக்கு முன்பே குற்ற எண்ணம் இருந்ததா என்று பார்க்கவேண்டுமாம். சாரெல்ஸுக்குச் சாராயம் விற்பவர் என்ற பேர் உண்டென்று சர்க்கார் சாட்சிகள் சொன்னார்கள். ஆகவே ஏஜெண்டின் யோக்கியதைக்குப் பதிலாக எதிரியின் பழைய கதையே விசாரணைக்கு வருகிறது. ஒருமுறை கெட்ட பேர் வாங்கியவனுக்கு எவ்வளவு வலை விரித்தாலும் தப்பில்லை என்றல்லவா ஆகிறது? சர்க்காரின் தகாத செய்கை எதிரியின் கெட்ட பேரால் நல்லதாகிவிடாது என்று ஜட்ஜ் ராபர்ட்ஸ் அதே வழக்கில் தனியாக எழுதினார். அதுவே அறிவுக்குப் பொருத்தம். 2001-ல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபையும், போலீசாரே தூண்டி உண்டாக்கிய குற்றமானால் வழக்கையே நிறுத்திவிட வேண்டுமென்று தீர்மானித்தது.

அப்படியானால் லஞ்சக்காரனை எப்படிப் பிடிப்பதென்று சிலர் கேட்கலாம். தானே வாய்விட்டு லஞ்சம் கேட்டவனை அடையாளமிட்ட நோட்டோடு பிடிப்பது வேறு. வேண்டாமென்றவனை மூன்றாந்தரம் கெஞ்சி வாங்கச் செய்வது வேறு. முன்னது துப்பறிதல், பின்னது பித்தலாட்டம். பித்தலாட்டம் செய்தவர் சர்க்கார் சம்பளக்காரர் என்பதனாலேயே அது நீதியாகிவிடாது என்பதே நமது அபிப்பிராயம்.