குளிரின்மேற் பழி

மார்கழி, தை மாதங்களில் உதகமண்டலத்திலாவது கொடைக்கானலிலாவது தங்குவோர் விடியற்காலையில் ஒரு காட்சியைக் காணக்கூடும். புல்வெளியெங்கும் உறைபனி வெண்மையாய்ப் படிந்திருக்க, அருகே மோட்டார் வண்டியொன்று நிற்கும். அதற்குரியவர் சாவியைத் திருகுவார், எஞ்சின் முனகும். மீண்டும் திருகுவார், முனகல் மெலியும். பின்னும் திருகுவார்; 'டக், டக்' என்னும் ஒலியோடு யாவும் அடங்கும். உடனே அவர், "எல்லாம் இந்தக் குளிரால் வந்த வினை" என்பார்.

இப்பழி நியாயமானதுதானா? எம் கருத்து யாதெனின், நம் மலைநாட்டுக் குளிர் வண்டிக்குப் புதிதாய் நோயொன்றை உண்டாக்குவதில்லை. முன்னரே மறைந்திருந்த நோயை வெளிப்படுத்துகின்றது என்பதே. உதகையில் மிகக் கடுங்குளிரும் 0 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். கனடா, நார்வே முதலிய தேசங்களில் அதனினும் 20 டிகிரி தாழ்ந்த காலைகளிலும் வண்டிகள் ஓடுகின்றன. அங்கே எஞ்சினை மின்சாரத்தால் இளஞ்சூடாக வைத்திருப்போர் பலர் உளர் என்பது மெய்யே. ஆயினும், பழுதற்ற வண்டியொன்று நம் மலைக்குளிருக்கு அஞ்சவேண்டுவதில்லை.

குளிர் செய்வதுதான் என்ன? ஈய அமிலப் பாட்டரியை 1859-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் பிளாந்தே இயற்றினார். அதனுள் நிகழும் இரசாயன மாற்றம் குளிரில் மந்தமாகின்றது. 0 டிகிரியில் அதன் வலிமையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறையும். அதே வேளையில் எஞ்சினிலுள்ள எண்ணெய் தடித்து, சுழற்றுதற்கு மிகுந்த வலிமையை வேண்டும். பெட்ரோலும் எளிதில் ஆவியாவதில்லை. ஆகவே வரவு சுருங்கும் நேரத்திற்றானே செலவு பெருகுகின்றது. நல்ல பாட்டரி இதனைத் தாங்கும்; கோடையில் எவ்வாறோ காலந்தள்ளிய தளர்ந்த பாட்டரி தாங்காது.

1912-ஆம் ஆண்டில் அமெரிக்க காடிலாக் வண்டியில் மின்சார ஸ்டார்ட்டர் அமைக்கப்பட்டது. அதற்கு முன்னர் கைப்பிடியால் எஞ்சினைச் சுழற்றியோர், எண்ணெய் தடித்ததைத் தம் தோள்வலியாலேயே அறிந்தனர். சாவி வந்தபின் நமக்கு எஞ்சஞ்சியிருப்பது செவி ஒன்றே. அதனையேனும் நாம் பயன்படுத்தல் வேண்டும்.

எஞ்சின் மெல்லச் சுழன்றாலும், 'டக்' என்னும் ஒலியோடு நின்றாலும், குறை பாட்டரியிலோ அதன் முனைகளிலோ இருத்தல் பெரும்பான்மை. இரவு முழுதும் ஓய்ந்திருந்த நிறைந்த பாட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 எனின் பாதியே உளது. ஸ்டார்ட்டர் சுழலும்போது 9.6-க்குக் கீழே இறங்குமாயின் ஐயுறுதல் தகும். எஞ்சின் ஓடுங்கால் 14 வோல்ட்டை ஒட்டி நில்லாவிடின், பாட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் ஆல்டர்னேட்டரைச் சோதித்தல் வேண்டும். எண்ணெயும் வண்டியின் கைந்நூல் குறித்த தரத்ததாதல் வேண்டும்.

எஞ்சின் நன்கு சுழன்றும் உயிர் பெறாதாயின், பாட்டரியைக் குறைகூறுதல் வீண். அப்போது பெட்ரோல் வரவையும் ஸ்பார்க் பிளக்கையும் ஆராய்க. பழைய வண்டிகளில் சோக்கை இழுத்தல் வேண்டும். புதியவற்றில் எஞ்சினின் வெப்பத்தை அறிவிக்கும் சென்சார் பழுதாயின், குளிருக்கேற்ற மிகுதிப் பெட்ரோல் வந்து சேராது. டீசல் வண்டியிலோ, க்ளோ பிளக் சூடேறி விளக்கு அணையும்வரை பொறுத்திருத்தல் வேண்டும்.

"இவையெல்லாம் பட்டறைக்காரர் வேலையன்றோ? நமக்கேன்?" என வினவுவோர் உளர். யாமும் ஒருகால் அவ்வாறே எண்ணிப் புதிய பாட்டரி வாங்கினோம். மறுநாட் காலையிலும் வண்டி முனகிற்று. பின்னர் நோக்கினால், கம்பியின் முனைப்பூட்டில் வெண்பச்சை உப்புப் பூத்திருந்தது. எதிர்முனையை முதலிற் கழற்றி, சோடா உப்புக் கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து இறுக்கியதும் வண்டி ஓடிற்று. ஈய அமிலப் பாட்டரியின் சமன்பாட்டைப் பரீட்சைத்தாளில் பிழையின்றி எழுதிய கைகளே அந்தப் புதிய பாட்டரிக்கு விலை கொடுத்தன என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

பணநட்டம் சிறிது. மலைச்சிற்றூர்களில் நள்ளிரவில் பிரசவவேதனையுற்ற பெண்ணை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல, அவ்வூரிலுள்ள ஒரே ஜீப்பே துணையாவதுண்டு. அன்றிரவு அது முனகி நிற்குமாயின், குளிரைப் பழித்து என்ன பயன்? மழைக்காலம் முடியுமுன் செய்யும் அரைமணி நேரச் சோதனை அப்பெண்ணுக்குச் செய்யும் பேருதவியாகும்.

அவசரத்திலும் சில எச்சரிக்கைகள் உள. பத்து வினாடிக்கு மேல் ஸ்டார்ட்டரைத் தொடர்ந்து சுழற்றலாகாது. ஒருநிமிடம் ஓய்வு கொடுத்தே மீளவும் முயலுக. எஞ்சினைச் சூடாக்கவென அதன்கீழ் நெருப்பு மூட்டுதல் வண்டியையே எரித்துவிடும். அடைத்த கொட்டகையில் எஞ்சினை ஓடவிடுதல் உயிருக்கே இறுதி. கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமுமின்றிக் கொல்லும்.

ஆதலின், நம் கல்லூரி இரசாயன, பௌதிக சாலைகளில் ஆண்டுக்கு ஒருநாளேனும் உண்மையான வண்டியொன்றை மாணாக்கர் முன் நிறுத்தி, குறையை முறையாக ஆராயப் பழக்குதல் நலம் என்பது எம் வேண்டுகோள். பரீட்சையில் தவறியவன் வினாத்தாளைப் பழித்தல் நாம் நன்கறிந்ததே. குளிரைப் பழிக்கும் வண்டிக்காரரும் அவனுக்கு உறவினரே. இவ்விருவரும் தம் கையிலுள்ளதை முதலிற் சோதித்துப் பார்ப்பாராக.